ஒத்திசைவு மதிப்பெண்

செவந்தி அந்த மையத்துக்கு மொத்தம் எத்தனை தடவை போனாள் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எழுபத்தொன்று என்று அவள் சொன்னதாக நினைவு. மையத்தின் பதிவேட்டில் வேறு எண் இருக்கலாம். எது முதலில் நடந்தது, எது அடுத்து நடந்தது என்பதிலும் சில இடங்களில் எனக்குக் குழப்பம் உண்டு. ஆனால் மதிப்பெண்கள் மட்டும் மறக்கவில்லை. மனிதர்களின் முகம் மங்கிய பிறகும் அவர்கள் வாங்கிய எண்கள் மங்காமல் நிற்பது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதனால் எண்களைப் பிடித்துக்கொண்டே கதையைச் சொல்லிவிடுகிறேன்.

செவந்தி குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரி. கணவன் குழந்தைசாமிக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரே மகள் ஐஸ்வர்யா, வீட்டில் ஐசு. மேலுதடும், வாயின் மேல்கூரையான அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளை. மூன்றாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள். ஒன்றரை வயதில் அண்ணத்தை மூடினார்கள். இரண்டும் திருச்சியில் நடந்தன, இரண்டும் நல்லபடியாக முடிந்தன. உதட்டுக்கு மேல் ஒரு மெல்லிய கோடு தவிர முகத்தில் ஒன்றும் தெரியாது. பேச்சுதான் மூக்கு வழியாகப் போனது. ப, ட, க, ச இவற்றுக்கெல்லாம் வாயில் காற்று அடைபட்டு வெடிக்க வேண்டும். ஐசுவுக்கு அது வெடிப்பதற்குள் மூக்கில் ஏறிவிடும். தையல் வேலை முடிந்தது, இனிமேல் பழக்கம்தான், பேச்சுப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் கொடுத்துவிடுங்கள் என்று அறுவை செய்த டாக்டர் சொல்லி அனுப்பினார்.

செவந்திக்கு வேண்டியதும் அவ்வளவுதான். அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரும்போது பிள்ளை தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும், அதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து குழந்தைசாமி போன் செய்தால் ஐசு நாலு வாக்கியம் பேசுவாள். அங்கே அது ஒரு முனகலாகப் போய்ச் சேரும். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிடா தங்கம், அம்மாட்ட குடு" என்பான். அந்தச் சிறிது நேரத்தைச் செவந்தியால் தாங்க முடியவில்லை.

புதுக்கோட்டைக்கு வெளியே 'இன்முகம் அண்ணப்பிளவு மறுவாழ்வு மற்றும் பார்வை ஆய்வு மையம்' இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஓர் ஆகஸ்ட் மாதத் திங்கட்கிழமை அவள் பிள்ளையோடு போய் இறங்கினாள். வரவேற்பில் கண்புரைக்காக வந்த இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் பார்வை என்று பார்த்துவிட்டு, கண் ஆஸ்பத்திரி என்று நினைத்து உள்ளே வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் மையத்தில் இல்லை. அவர்களும் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

செவந்திக்கு அறுபத்துநாலு கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. படிவங்களுக்குப் பொறுப்பாளரான பாலாஜி என்ற இளைஞன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். ஐம்பத்தோராம் கேள்வி, இம்மையத்தில் அளிக்கப்பட்ட சிகிச்சையில் தாங்கள் எந்த அளவு திருப்தி அடைந்துள்ளீர்கள் என்பது. இப்போதுதானே வந்திருக்கிறேன் என்றாள் செவந்தி. அது அவனுக்கும் தெரியும், ஆனால் வெற்றிடம் விட்டால் கம்ப்யூட்டர் வாங்காது என்றான். ஏழு போட்டார்கள்.

அறுபத்துநாலாவதுதான் முக்கியமான கேள்வி. தங்கள் குழந்தையின் பேச்சு எவ்வளவு புரிகிறது? பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை. செவந்தி யோசிக்கவே இல்லை. பிள்ளை சொல்வதில் அவளுக்குப் புரியாதது என்று ஒன்று இருந்ததில்லை. கொஞ்சம் அடக்கமாக எட்டு என்றாள்.

ஐசுவைக் கண்ணாடி அறைக்குள் வைத்து இருபது வாக்கியங்களைப் பதிவு செய்தார்கள். மூன்று நிபுணர்கள் அதைக் காதுக்கருவியில் கேட்டு மூன்று என்றார்கள். எட்டுக்கும் மூன்றுக்கும் ஐந்து வித்தியாசம். தாயின் மதிப்பெண்ணுக்கும் நிபுணர் மதிப்பெண்ணுக்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோப்பு நகராது என்பது அந்த மையத்தின் விதி. அதற்கு ஒத்திசைவு விதி என்று பெயர். இயக்குநர் டாக்டர் விஸ்வநாதன் வகுத்தது. அவர் செவந்தியைத் தன் அறைக்கு வரவழைத்து மிகப் பொறுமையாகவே விளக்கினார். "தாயும் நிபுணரும் ஒரே குழந்தையை ரெண்டு விதமாப் பாத்தா, அது ரெண்டு குழந்தை ஆயிடுதும்மா. எந்தக் குழந்தைக்கு நாங்க சிகிச்சை குடுக்கிறது?"

செவந்தி திரும்பிப் பார்த்தாள். ஒரு குழந்தைதான் நின்றது. மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தது.

குழந்தைக்குச் சிகிச்சை தொடங்கும் முன் தாயின் பார்வையைச் சரிசெய்வது என்று முடிவானது. ஆறு புதன்கிழமைகள். நடத்தியவர் மெய்யம்மை மேடம். நல்ல மாதிரியானவர், குரலை உயர்த்தவே மாட்டார். செவந்தியின் காதில் கருவியை மாட்டி ஐசுவின் குரலைப் போட்டுவிடுவார். "இது ஒங்க பொண்ணு இல்ல. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற யாரோ ஒரு பிள்ளைனு நெனச்சுக்குங்க. இப்ப என்ன கேக்குது?"

முதல் புதன்கிழமை எல்லாமே கேட்டது. இரண்டாவதிலும் கேட்டது. அதற்கு மேடம் வருத்தப்பட்டார். முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறீர்கள், பழக்கத்தால் புரிந்துகொள்கிறீர்கள், பாசத்தால் புரிந்துகொள்கிறீர்கள், இவையெல்லாம் பிழைக் காரணிகள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் பிள்ளை பேசும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கச் சொன்னார். செவந்தி படிப்பில் கெட்டிக்காரி, சொன்னதைச் செய்கிறவள். சுவரைப் பார்த்துக் கேட்டாள். நாலாம் புதன்கிழமை சில வார்த்தைகள் நழுவத் தொடங்கின. ஐந்தாவதில் வாக்கியங்கள் போயின. ஆறாவது புதன்கிழமை கருவிக்குள் ஏதோ ஒரு பிள்ளை ஏதோ முனகியது. செவந்தி மூன்று என்றாள். மெய்யம்மை மேடம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று வீட்டில் ஐசு தட்டை நீட்டி என்னவோ கேட்டாள். செவந்தி திரும்பி, "என்ன?" என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையிடம் அவள் கேட்டிராத கேள்வி அது. ஐசு மறுபடி சொன்னாள். செவந்தி மறுபடியும், "என்னடி சொல்ற?" என்றாள். பிள்ளை அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், தோசைச்சட்டியை விரலால் தொட்டுக் காட்டியது. அதற்குப் பிறகு பல நாள் அது தொட்டுத்தான் காட்டியது.

செவந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றுக்கு மூன்று சரியாகிவிட்டதே, சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அங்கே பாலாஜி தலையைச் சொறிந்தான். நடுவில் நிபுணர் குழுவில் ஒரு சர்ஜன் சேர்ந்துவிட்டார். அண்ணம் இவ்வளவு அழகாக மூடியிருக்கும்போது பேச்சுக்கு மூன்று போடுவது அறுவைத் தொழிலுக்கே அவமானம் என்று அவர் ஒன்பது போட்டுவிட்டார். குழந்தை பேசிக் கேட்டாரா என்று செவந்தி விசாரித்தாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், கேட்கவில்லை என்றான் பாலாஜி. மூன்றும் ஒன்பதும் மோதிக்கொண்டதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்திசைவு இல்லாமல் போனது. அதற்காகக் கோட்டைப்பட்டினத்தில் கடற்கரை ஓரம் இரண்டு நாள் பயிலரங்கு வைத்தார்கள். மீன் குழம்பு நன்றாக இருந்ததாகவும், எல்லோரும் மனம்விட்டுப் பேசியதாகவும், ஆறரை என்று முடிவானதாகவும் பின்பு தெரிந்தது.

இப்போது தாய் மூன்று, நிபுணர் ஆறரை.

"நான் சொல்லக் கூடாதுக்கா," என்றான் பாலாஜி, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு. "ஆனா ஆறுன்னு போட்டீங்கன்னா இன்னைக்கே முடிஞ்சிரும்."

செவந்தி ஆறு போட்டாள். கோப்பில் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். மெய்யம்மை மேடம் கைதட்டினார், போட்டோ எடுத்தார்கள். அதற்குள் ஜனவரி ஆகியிருந்தது. சிகிச்சை எப்போது என்று அவள் கேட்டாள். அப்போதுதான் குலுக்கல் பற்றிச் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கு இரண்டு அணிகள் வேண்டும். ஓர் அணிக்குப் பயிற்சி உண்டு. இன்னோர் அணி சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக. ஐசுவின் சீட்டு காத்திருப்பு அணியில் விழுந்தது. ஒரு வருஷம். அதுவரை திங்களும் வியாழனும் வந்து மதிப்பெண் மட்டும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பயிற்சி அணிக்குப் பொறாமைப்பட வேண்டியதில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மையத்தில் பேச்சுப் பயிற்சி தெரிந்தவள் ஒருத்திதான், ஷர்லி. அதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு நாற்பது நிமிஷப் படிவம் உண்டு. மிச்சம் ஐந்து நிமிஷம். அதில் பிள்ளையை அறையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். அந்த அறையும் போன தீபாவளியோடு போய்விட்டது. படிவக் கட்டுகளை வைக்க வேறு இடம் இல்லை. பயிற்சி அணியில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் நடைபாதையில் உட்கார்ந்து, பயிற்சி பற்றிய தங்கள் எதிர்பார்ப்பை மஞ்சள் தாளில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

செவந்தி அன்று மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதுகொண்டிருந்தாள். கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு இறங்கிய ஷர்லி நின்றாள். எந்த ஊர், எந்த பஸ் என்று மட்டும் கேட்டாள். கீரனூரில் மாறி வருவதாகச் செவந்தி சொன்னாள். ஷர்லி கட்டைப் படியில் இறக்கி வைத்தாள்.

"நானும் கீரனூர்தான்க்கா. மையத்துக்குள்ள ஒங்க பிள்ளைக்கு ஒரு எழுத்து சொல்லிக் குடுத்தாலும் தப்பு. ஆராய்ச்சி கெட்டுப் போயிரும்னு எங்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. பஸ்ஸப் பத்தி ஒண்ணும் எழுதல."

அடுத்த வியாழக்கிழமை கீரனூரிலிருந்து புறப்படும் காலை ஏழு இருபது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் பயிற்சி தொடங்கியது. ஷர்லி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து ஐசுவின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். ப என்று சொல்லச் சொன்னாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. பார்த்தாயா, காற்று இங்கிட்டுத் தப்பித்துப் போகிறது, அதை வாய்க்குள் பிடித்துக் கட்டு என்றாள். பிறகு டிக்கெட்டைக் கிழித்து ஒரு துண்டைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, உதட்டுக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். ப சொன்னால் அது பறக்க வேண்டும். முதலில் மூக்கை விரலால் மூடிக்கொண்டு, பிறகு விரலை எடுத்துவிட்டு.

செவந்தியிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "மையத்துல கத்துக்கிட்டத மறந்துருங்க. நீங்க புரிஞ்சுக்கிட்டே இருங்க. கேக்குற ஆளு இருந்தாத்தான் பிள்ளை பேசும்." செவந்தி சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மறுபடி மகளின் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். போன வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிலது வர நாளானது.

ஐந்து வாரம் டிக்கெட் பறக்கவில்லை. ஆறாவது வாரம் குளத்தூர் தாண்டியதும் பறந்து, முன் சீட்டுக்காரரின் காலருக்குள் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "இன்னொருக்கா ஊது தாயி" என்றார். மார்ச்சில் முன்பக்கம் நாலு வரிசையும் பயிற்சியில் இருந்தது. பூக்கூடையோடு வரும் ஓர் அம்மாள் மட்டும் கடைசி வரை ட சொல்லும்போது நாக்கைத் தப்பாக வைத்தாள், ஐசு அவளைத் திருத்துவாள். ஒரு நாள் பரிசோதகர் ஏறியபோது மூன்று பேரிடம் முழு டிக்கெட் இல்லை. அதிலிருந்து கண்டக்டர் பழைய டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்து கொடுத்தார். "இந்தா பாப்பா, நேத்து டிக்கெட்டு. இத ஊது. இன்னைக்கி டிக்கெட்டு எம் பொழப்பு."

ஐசுவின் மதிப்பெண் ஆறரையிலிருந்து ஏழு, ஏழரை, எட்டு என்று ஏறியது. மே மாதம் எட்டரை. மையமே கலகலத்தது. காத்திருப்பு அணியில் அப்போது இருந்தது அவள் ஒருத்திதான். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் காத்திருக்கப் பொறுக்காமல் நின்றுவிட்டார்கள். பயிற்சி அணியின் ஒன்பது பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். விஸ்வநாதன் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் ஒத்திசைவு விழா அறிவிக்கப்பட்டது.

விழா புதுக்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. செவந்தியையும் ஐசுவையும் மேடையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் பயிற்சி அணித் தாய்மார்கள் ஒன்பது பேர், மடியில் பிள்ளைகள். ஷர்லி பின்னால் வாசலோரம் விழா மலர்க் கட்டோடு நின்றாள். பிள்ளையிடம் பெயர் கேட்டார்கள். "ஐஸ்வர்யா. அப்பா பேரு குழந்தைசாமி" என்று மைக்கில் சொன்னாள். ச மட்டும் கொஞ்சம் கசிந்தது. மண்டபம் கைதட்டியது. செவந்தியும் தட்டினாள். கேட்க வேண்டியது கேட்டாயிற்று, வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

விஸ்வநாதன் எழுந்தார்.

"இந்த மையத்தைத் தொடங்கும்போது எங்களிடம் ஒரு பயிற்சியாளரும் மூன்று படிவங்களும் இருந்தன. இன்று ஒரு பயிற்சியாளரும் நூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் இருக்கின்றன. வளர்ச்சி என்பது இதுதான். ஒன்பது குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பதென்று தீர்மானித்தோம். முன்னேற்றம் இல்லை. ஒரு குழந்தைக்கு எதுவும் அளிப்பதில்லை என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தில் கடைசி வரை உறுதியாக நின்றோம். குழந்தை பேசுகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? குணமாக்குவது பயிற்சி அல்ல, மதிப்பீடு. வாரம் இரண்டு முறை அளந்தோம், அதனால் வளர்ந்தது. பயிற்சி நம் முன்னோர்களின் நம்பிக்கை, அதை மதிக்கிறோம். ஆனால் வரும் ஜூன் முதல் இம்மையத்தில் பயிற்சியாளர் பதவி இருக்காது. அந்த ஒன்பது குழந்தைகளும் காத்திருப்பு அணிக்கு உயர்த்தப்படுகிறார்கள்."

ஒன்பது தாய்மாரும் கைதட்டினார்கள். உயர்த்தப்படுகிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது.

பாலாஜி செவந்தியின் கையில் ஒரு தாளைக் கொடுத்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினான். நாலு வரி நன்றி. அவள் தாளைப் பார்த்தாள். வாசலோரம் பார்த்தாள். ஷர்லி வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள். பஸ் விஷயத்தைச் சொன்னால் விதி மீறியவள் என்ற பெயரோடுதான் ஷர்லி வெளியே போக வேண்டும். சொல்லாவிட்டால் வெறும் பதவி போனதாக இருக்கும். முன்வரிசையில் ஒரு பிள்ளை தன் அம்மாவின் தாடையைத் திருப்பி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மேடையையே பார்த்துக்கொண்டு, "என்ன? என்ன?" என்றாள்.

செவந்தி தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எம் பிள்ளைக்கு ஒங்க கட்டடத்துல யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல," என்றாள். "ஷர்லி டீச்சர் பஸ்ல சொல்லிக் குடுத்துச்சு. நாப்பது நாளு. அத அனுப்பிட்டா இந்தப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

மேடையில் இருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். விஸ்வநாதன் மட்டும் பதறவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "மிக முக்கியமான பார்வை. பதிவு செய்யுங்கள்" என்றார். பாலாஜி படிவத்தோடு மேடைக்கு ஓடி வந்தான். இப்போது சொன்னதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் என்று கேட்டான்.

"பத்து" என்றாள் செவந்தி.

நிபுணர் குழு மேடையிலேயே கூடியது. பஸ்ஸில் கண்ணாடி அறை இல்லை, ஆகவே அங்கே நடந்தது பயிற்சி ஆகாது. நிபுணர் மதிப்பெண் பூஜ்ஜியம். வித்தியாசம் பத்து. மையத்தின் வரலாற்றில் அதுவரை பதிவாகாத வித்தியாசம் என்று விஸ்வநாதன் அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். மெய்யம்மை மேடம் கண்கலங்கிப்போய் வந்து, பன்னிரண்டு புதன்கிழமைகள் என்றார். செவந்தி தாளை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பிறகு நடந்தது இதுதான். பஸ் மையத்தின் எல்லைக்குள் வருமா என்று விளக்கம் கேட்டு ஷர்லிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அவள் பதில் எழுதும் முன் பதவி இல்லாமல் போனது. இப்போது தஞ்சாவூரில் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் வேலை செய்கிறாள். அங்கே ஓர் அறை இருக்கிறது. ஒன்பது தாய்மாரில் இருவர் செவந்தியிடம் விசாரித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் தஞ்சாவூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். ஐசு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இப்போது இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ச இன்னும் கசிகிறது. குழந்தைசாமி போன் செய்தால் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் சொல்லும்வரை பேசுகிறாள். செவந்தி புதன்கிழமை எதற்கும் போகவில்லை. அவள் கோப்பு திறந்தபடியே இருக்கிறது. பாலாஜி துணை இயக்குநர் ஆகிவிட்டான். மெய்யம்மை மேடம் தாய்மார்களுக்கான பயிற்சியை மூன்று மாவட்டங்களில் நடத்துகிறார். விஸ்வநாதனுக்கு டில்லியில் ஒரு விருது கிடைத்தது. மிச்சமுள்ள ஏழு பிள்ளைகள் திங்களும் வியாழனும் வந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டது. அதற்குத் தாய் போடுவதும் பூஜ்ஜியம், நிபுணர்கள் போடுவதும் பூஜ்ஜியம். அந்தக் கோப்பில் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள்.